“ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?”

“எத்தனை பர்சென்ட் டாக்டர்?”

பெரிய மாமா இப்படித்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும்.

அந்தச் சின்ன அறையில் நாங்கள் ஐந்து பேர். அம்மா, பெரிய மாமா, விடியும் முன்பே ஜோகூரிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்துவிட்ட சித்தி, நான். கதவோரத்தில் அம்மாச்சியின் துணிப்பையை மார்போடு அணைத்தபடி வீட்டு உதவிப் பெண். மேசைமேல் ஒரு டிஷ்யூ பெட்டி மட்டும் இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

உள்ளே தீவிர சிகிச்சைப் பிரிவில் அம்மாச்சி. வயது 87. நிமோனியா முற்றி, இரத்த அழுத்தம் இறங்கி, மூக்கில் வேகமாக உயிர்வாயு செலுத்தும் குழாயோடு படுத்திருந்தார். இது போதாமல் போனால் தொண்டைக்குள் குழாய் இறக்கி இயந்திரத்தில் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் எங்களை அந்த அறைக்கு அழைத்திருந்தார்கள்.

மருத்துவர் என் வயதுக்காரர். மாமாவின் கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எதிர்க்கேள்வி ஒன்று கேட்டார். “ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, காய்ச்சல் எதுவும் வர்றதுக்கு முன்னாடி, அவங்களுக்கு ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில எழுந்ததிலேர்ந்து சொல்லுங்க.”

இது என்ன கேள்வி என்று எனக்குக் கோபம்கூட வந்தது. உயிருக்குப் போராடிக் கொண்டிருப்பவரைப் பற்றிக் கேட்காமல் போன மாதத்தைப் பற்றிக் கேட்கிறாரே!

மாமா முந்திக்கொண்டார். “அம்மா ரொம்ப ஸ்ட்ராங் டாக்டர். எல்லாம் அவங்களே செஞ்சுக்குவாங்க. சந்தைக்குப் போவாங்க, சமைப்பாங்க.” சித்தி தலையாட்டினார். நானும் ஒத்து ஊதினேன். “ஞாயித்துக்கிழமை நான் போறப்பல்லாம் நல்லா டிரெஸ் பண்ணிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பேப்பர் படிப்பாங்க. என் புரோகிராம் கேட்டுட்டுக் குறை சொல்வாங்க.”

மருத்துவர் எழுதவில்லை. கதவோரம் பார்த்தார். “நீங்களும் அவங்களோட இருக்கீங்களா?”

அந்தப் பெண் மியன்மாரிலிருந்து வந்தவர். நான்கு ஆண்டுகளாக அம்மாச்சியோடு ஒரே அறையில் தூங்குகிறார். முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, பாதி ஆங்கிலமும் பாதி அம்மாச்சி கற்றுக்கொடுத்த தமிழுமாகச் சொன்னார். சந்தைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தீபாவளிக்குப் பிறகு மின்தூக்கிவரைகூட நடக்கவில்லை. குளிக்க வைப்பது இவர்தான். சமையல் இல்லை, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உப்பு, புளி சொல்வார், அவ்வளவுதான். சட்டைத் தோள் தளர்ந்துவிட்டதால் இவரே பிடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். கடைசியாகச் சொன்னது என்னைப் பார்த்துத்தான். “சண்டே மார்னிங் பாட்டி வெரி டயர்ட். நீங்க வருவீங்கன்னு ஃபைவ் ஓ கிளாக் எழுந்து ரெடி ஆகும். நீங்க போனா தூங்கும். மண்டே ஃபுல் தூங்கும்.”

யாரும் பேசவில்லை. மாமா ஜன்னலைப் பார்த்தார். மருத்துவர் அப்போதுதான் எழுத ஆரம்பித்தார்.

அவர் எழுதியது ஓர் எண். ஆறு. அது என்ன ஆறு என்று எனக்கு அன்று தெரியாது. பிறகு பல இரவுகள் தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். ஊடகப் படிப்பு படித்தவளுக்கு மருத்துவ இதழ்களில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் பாட்டியைப் பற்றி ஒருவர் ஓர் எண் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தானே தோன்றும்.

தீவிர சிகிச்சையில் இருப்பவர் பிழைப்பாரா என்பதை எண்ணால் சொல்லும் முயற்சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் நாஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவும் 1981இல் ‘அபாச்சி’ என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். 1985இல் வந்த அதன் இரண்டாம் பதிப்புதான் உலகம் முழுதும் பரவியது. 13 மருத்துவமனைகளில் 5,815 நோயாளிகளின் விவரத்தைக்கொண்டு செய்தது. இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம், இரத்தத்தில் உப்பு, நினைவு நிலை என்று 12 அளவுகள். முதல் 24 மணி நேரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமானதோ அதற்கேற்பப் புள்ளிகள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் வயதுக்கும் தனிப் புள்ளிகள். மொத்தம் 71. கூடக் கூட ஆபத்து.

நான் தேடியது வயதுக்கு எத்தனை புள்ளி என்பதைத்தான். 75 வயதைத் தாண்டினால் ஆறு புள்ளி. அதற்குமேல் எதுவுமில்லை. 76 வயதுக்காரருக்கும் ஆறு, 96 வயதுக்காரருக்கும் ஆறு. சிறுநீரகம் திடீரென்று முற்றாகப் படுத்துவிட்டால் எட்டுப் புள்ளி வரை போகும். அதாவது அந்த அட்டவணையைப் பொறுத்தவரை ஒரு மோசமான சிறுநீரகம் 87 ஆண்டுகளைவிடக் கனமானது. வயதானாலே அவ்வளவுதான், ஐசியுவுக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அப்படி அந்த அட்டவணை பேசவில்லை.

ஆனால் அது இன்னொன்றையும் சொல்லவில்லை. ஒரே வயது, ஒரே நிமோனியா, ஒரே இரத்த அழுத்தம். ஒருவர் நேற்றுவரை பேருந்து ஏறித் தேக்காவுக்குப் போய்க் கீரை வாங்கி வந்தவர். மற்றவர் படுக்கையிலிருந்து கழிவறைக்கு இரண்டு பேர் பிடித்து நடத்தினால்தான் போகிறவர். அட்டவணைக்கு இரண்டு பேரும் ஒன்று.

இந்த இடைவெளியை நிரப்பியவர் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் கென்னத் ராக்வுட். 2005இல் அவரும் சகாக்களும் கொண்டுவந்த நலிவு அளவுகோல், முதலில் ஏழு படி. பிறகு ஒன்பது படியாயிற்று. இரத்தம் எடுக்க வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு தாளில் சின்னச் சின்ன மனித உருவங்கள். முதல் படியில் துள்ளி நடப்பவர். ஐந்தில் கடை கண்ணிக்கும் சமையலுக்கும் துணை தேவைப்படுபவர். ஆறில் வெளியே போகவும் குளிக்கவும் உதவி வேண்டியவர். ஏழில் தன் உடலின் எல்லாத் தேவைக்கும் பிறரை நம்பியிருப்பவர். எட்டும் ஒன்பதும் வாழ்வின் கடைசிக் கட்டம். முக்கியமான விதி ஒன்று உண்டு. இன்றைக்கு, இந்தக் கட்டிலில் எப்படி இருக்கிறார் என்று பார்த்துப் போடக்கூடாது. நோய் வருவதற்கு முன்பு, சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பு எப்படி இருந்தார் என்று கேட்டுத்தான் போட வேண்டும்.

மாமாவும் சித்தியும் நானும் சேர்ந்து அம்மாச்சிக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தது மூன்று. உதவிப் பெண் சொன்னது ஆறு.

இந்தப் படிகளுக்கு மதிப்பு இருக்கிறதா என்று ஐரோப்பாவில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். 21 நாடுகளில் 311 தீவிர சிகிச்சைப் பிரிவுகள், 80 வயதும் அதற்கு மேலுமான 5,021 நோயாளிகள். 2017இல் வெளியான ஆய்வு. ஐசியுவிலேயே இறந்தவர்கள் 22.1 விழுக்காடு. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 32.6 விழுக்காடு. இந்த எண்ணை நான் மூன்று முறை படித்தேன். எண்பதைக் கடந்து ஐசியுவுக்குள் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒரு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்காணிப்புக்காக வந்தவர்களும் இதில் உண்டு என்பதால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாதுதான். அவசர நிலையில் வந்தவர்களை மட்டும் பார்த்த அடுத்த ஆய்வு 2020இல் வந்தது. 3,920 பேர். முப்பது நாளில் இறந்தவர்கள் 38.8 விழுக்காடு. இங்கேயும் பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்.

இரண்டிலும் நலிவுப் படி ஏற ஏற ஆபத்து ஏறியது. இரண்டாவது ஆய்வில் இன்னொரு சுவையான சங்கதி. நினைவாற்றல், அன்றாட வேலைத் திறன், மற்ற நோய்கள், எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீளமான கேள்வித்தாள்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஒற்றைப் படிக்குமேல் அவற்றால் கணிப்பு கூர்மையாகவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சரியாகக் கேட்டு வாங்கிய ஓர் எண் போதுமானதாக இருந்திருக்கிறது.

சரியாகக் கேட்டு வாங்கிய எண் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொவிட் வந்த 2020 மார்ச்சில் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி அமைப்பு, தீவிர சிகிச்சை முடிவுகளுக்கு இதே அளவுகோலைப் பரிந்துரைத்தது. உடல், அறிவுத் திறன் குறைபாடு உள்ளவர்களின் குடும்பங்கள் கொதித்தெழுந்தன. பிறவியிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கும் முப்பது வயதுக்காரரை நலிந்தவர் என்று எப்படி எழுதலாம்? சில நாட்களிலேயே அந்த வழிகாட்டி திருத்தப்பட்டது. முதியவர்களுக்காகச் செய்த தராசில் எல்லோரையும் நிறுக்கக்கூடாது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டிருந்தார்கள்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். எத்தனை பர்சென்ட்?

மருத்துவர் கடைசியில் எண் சொல்லத்தான் செய்தார். “இவங்களை மாதிரி பத்துப் பேர் இங்க வந்தா, நாலஞ்சு பேர் ஆஸ்பத்திரிய விட்டு உயிரோட போவாங்க. முன்ன மாதிரியே நடமாட்டத்தோட போறவங்க அதைவிடக் கம்மி. இந்தப் பத்துப் பேர்ல உங்க அம்மா யாருன்னு எனக்குத் தெரியாது.”

மாமாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்ல ஒரு டாக்டரா என்று வெளியே வந்து கடிந்துகொண்டார். எனக்கு மட்டும் அது பழகிய வாக்கியமாக இருந்தது. காலை நிகழ்ச்சியில் நான் தினமும் வானிலை சொல்கிறேன். பிற்பகலில் தீவின் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை. அந்தச் சில பகுதியில் ஈசூன் உண்டா, தெம்பனிஸ் உண்டா என்று நேயர்கள் கேட்பார்கள். துணி காயப்போட்டவருக்குத் தன் புளோக்தானே முக்கியம். அறிவிப்பு தப்பு என்று திட்டுபவர்களில் பாதிப் பேருக்கு அது சரியாகத்தான் பலித்திருக்கும்; பக்கத்துப் பேட்டையில் பெய்திருக்கும்.

மதிப்பெண்களும் அப்படித்தான். நூறு பேரை எடுத்துக்கொண்டால் அவை ஓரளவு நன்றாகவே சொல்கின்றன. ஒரு மருத்துவமனையை இன்னொன்றோடு ஒப்பிடவும் ஆய்வுகளில் நோயாளிகளைத் தரம் பிரிக்கவும் உதவுகின்றன. மூன்றாம் கட்டிலில் இருக்கும் ஒரு கிழவியைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது. இதில் ஒரு சுழலும் உண்டு. பிழைக்க மாட்டார் என்று நம்பி சிகிச்சையைக் குறைத்தால் நோயாளி இறப்பார். அந்த இறப்பும் கணக்கில் சேரும். அடுத்த முறை கணக்கு இன்னும் உறுதியாக, பிழைக்க மாட்டார் என்று சொல்லும்.

மருத்துவரின் அனுபவம் இந்த எண்களைவிட நன்றாகக் கணிக்காதா? அதையும் பார்த்திருக்கிறார்கள். ஐசியுவில் அல்ல, மரணத் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் திட்டங்களில். சிகாகோவில் 343 மருத்துவர்கள், 468 நோயாளிகள், 2000ஆம் ஆண்டு ஆய்வு. இன்னும் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறத்தாழச் சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பாலானவை நீட்டிச் சொல்லப்பட்டவை. சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேல். நோயாளியோடு பழக்கம் கூடக் கூடத் தவறும் கூடியதாம். இதைப் படித்தபோது அந்த அறையில் நாங்கள் அடித்த பொய்க்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. பழகியவர்களைக் கணிப்பது மருத்துவர்களுக்கே வரவில்லை.

எண் கிடைத்துவிட்டால் முடிவு எளிதாகிவிடும் என்ற நினைப்பும் பொய்த்திருக்கிறது. அதே நாஸ் பங்கேற்ற பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. ஐந்து மருத்துவமனைகள். இரண்டாம் கட்டத்தில் 4,804 பேர். பாதிப் பேரின் மருத்துவர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். குடும்பத்தோடு பேசத் தனியாகத் தாதியரையும் அமர்த்தினார்கள். முடிவு? எதுவும் மாறவில்லை. அதே அளவு வலி, அதே அளவு ஐசியு நாட்கள். அதன் முதல் கட்டத்தில் தெரியவந்த இன்னொன்று என்னைக் குத்தியது. இதயம் நின்றால் மீட்டெடுக்க வேண்டாம் என்று விரும்பிய நோயாளிகளின் மருத்துவர்களில், அந்த விருப்பத்தை அறிந்திருந்தவர்கள் 47 விழுக்காட்டினர்தான்.

மருத்துவர்களை விடுங்கள். அம்மாச்சியின் விருப்பம் எங்களுக்கே தெரியவில்லை.

அந்த அறையில் அடுத்த கேள்வி அதுதான். “இப்ப அவங்களால பேச முடிஞ்சா என்ன சொல்வாங்க?” அம்மா சொன்னார், பெரியம்மாச்சி மூன்று வாரம் இயந்திரத்தில் கிடந்து இறந்தபோது, ‘என்னை இப்படிப் போட்றாதீங்க’ என்றாராம். சித்தி சொன்னார், போன பொங்கலுக்கு ‘கொள்ளுப்பேரனைப் பார்க்காம போக மாட்டேன்’ என்றாராம். இரண்டுமே அவர் சொன்னவைதான். இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி முடிவெடுப்பது?

எல்லாம் செய்யுங்கள் என்று சொல்வதுதான் பிள்ளைகளுக்கு எளிது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ‘எல்லாம்’ என்பது எப்போதும் நன்மையா என்பதே உறுதியில்லை. பிரான்சில் 24 மருத்துவமனைகளில், 75 வயதைக் கடந்து, நோய்க்கு முன் நல்ல நடமாட்டத்தோடு இருந்த 3,037 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதி மருத்துவமனைகளில் இத்தகையவர்களை முடிந்தவரை ஐசியுவில் சேர்க்கும்படி ஊக்குவித்தார்கள். மற்றவற்றில் வழக்கம் போல. ஆறு மாதம் கழித்து அதிகம் சேர்த்த பக்கத்தில் இறந்தவர்கள் 45 விழுக்காடு, வழக்கம் போல விட்ட பக்கத்தில் 39. நோயின் கடுமையைச் சரிசெய்து கணக்கிட்டபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஆனால் அதிகம் சேர்த்ததால் கூடுதலாக யாரும் பிழைத்ததாகத் தெரியவில்லை.

பிழைப்பது என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கனடாவில் 80 வயதைக் கடந்த ஐசியு நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். பழைய உடல் திறனை ஏறக்குறைய மீட்டுக்கொண்டவர்கள் சுமார் நான்கில் ஒருவர். மற்றவர்களில் இறந்தவர்கள் உண்டு; உயிரோடு, ஆனால் வேறு ஆளாக வீடு திரும்பியவர்களும் உண்டு. நாங்கள் கேட்ட பர்சென்ட்டில் இந்த இரண்டாவது வகையினருக்கு இடமே இல்லை.

மருத்துவர் ஒரு வழி சொன்னார். மூன்று நாள். மருந்து, உயிர்வாயு, இரத்த அழுத்தத்துக்கான சொட்டு மருந்து எல்லாம் முழு மூச்சாகச் செய்வோம். தொண்டைக் குழாய் வேண்டாம். மூன்றாம் நாள் இதே அறையில் உட்காருவோம். முதல் நாள் மதிப்பெண்ணைவிட, சிகிச்சைக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பது அதிகம் சொல்லும் என்றார். அந்த ஆறு அவர் கையில் இல்லாவிட்டால் குழாய் இறக்கலாம் என்றே பரிந்துரைத்திருப்பேன் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எங்கள் பேச்சை மட்டும் கேட்டிருந்தால் அம்மாச்சி அன்று மாலையே இயந்திரத்தில் இருந்திருப்பார்.

அம்மா சரி என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்து, கோப்பி ஓவை ஆறவிட்டுக்கொண்டு, “நான் போன மாசம் முழுக்க வீட்டுப் பக்கமே போகலடி” என்றார். வாரா வாரம் போன நானும் எதைப் பார்த்தேன்? பூவைப் பார்த்தேன்.

இரண்டாம் இரவு இரத்த அழுத்தம் ஏறியது. மூன்றாம் நாள் உயிர்வாயுவைக் குறைத்தார்கள். ஆறாம் நாள் சாதாரண வார்டு. பத்தில் நாலஞ்சு பேரில் அம்மாச்சி ஒருவராக இருந்தார். இது எங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. மூன்றாம் நாள் மோசமாகியிருந்தால், குழாய் வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லோடு நாங்கள் மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்திருக்கும். அப்போது இந்தப் பத்தியை நான் எழுதியிருக்க மாட்டேன்.

ஐசியுவில் இருந்த நாட்களில் இயந்திரத்தின் கிணிகிணியைக் கோயில் மணி என்று நினைத்துக் கைகூப்பிக்கொண்டே இருந்தார். தாதியை இறந்துபோன தன் அக்காள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கடன் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்கைத் திருப்பிக் கேட்டார். தாதி சீனப் பெண். ஒவ்வொரு முறையும் “ஓகே அம்மா, டுமாரோ” என்றார். முதியவர்களுக்கு ஐசியுவில் இந்த மனக்குழப்பம் வருவது மிகச் சாதாரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது நான் கழிவறையில் நின்று அழுதேன்.

சமூக மருத்துவமனையில் ஐந்து வாரம். உடற்பயிற்சி நிபுணர் எழுப்பி நிறுத்தும்போதெல்லாம் “கால் எங்க போச்சு?” என்பார். படுத்த படுக்கையில் தசை அவ்வளவு வேகமாகக் கரைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தபோது ஆறு ஏழாகியிருந்தது. இப்போது கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். ஒரு நாள் “ஏன்டி என்னப் பொழைக்க வச்சீங்க?” என்றார். மறுநாள் காலை நான் வானொலியில் ஒரு பாட்டின் இசையமைப்பாளர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவின் கைப்பேசியை வாங்கிக் குரல் பதிவு அனுப்பினார். எதை நம்புவது?

போன மாதம் வீட்டிலேயே உட்கார்ந்து முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் எழுதினோம். நம் நாட்டில் 2011 முதல் நடப்பில் இருக்கிறது. இதைச் சிலர் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவோடு குழப்பிக்கொள்கிறார்கள், நானும் குழப்பிக்கொண்டிருந்தேன். அந்த உத்தரவு சட்டப் பத்திரம். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். குணமாக வாய்ப்பில்லாமல் மரணம் நெருங்கிய நிலைக்கு மட்டுமே அது பொருந்தும். இன்னொரு தவறான நம்பிக்கை, எல்பிஏ எழுதிவிட்டால் போதும் என்பது. எல்பிஏவில் நாம் நியமிப்பவர் நம் பணம், பராமரிப்பு பற்றி முடிவெடுக்கலாம். உயிர் காக்கும் சிகிச்சையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கச் சட்டம் அவருக்கு இடம் தரவில்லை. அந்த நேரத்தில் மருத்துவர்கள் நோயாளியின் நலன் எதுவென்று பார்த்துச் செய்வார்கள். அவர் என்ன விரும்புவார் என்று யாராவது அவர்களிடம் சொல்லியாக வேண்டும். பராமரிப்புத் திட்டம் அதற்குத்தான். வக்கீல் வேண்டாம். பேச்சுதான் பெரிய வேலை.

பயிற்சி பெற்ற ஒருவர் வந்து பேசினார். எடுத்ததும் குழாய், இயந்திரம் என்று ஆரம்பிப்பார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்டது, “பாட்டி, எப்படி இருந்தா உங்களுக்கு அது நல்ல நாள்?”

அம்மாச்சி யோசிக்கவே இல்லை. “கொண்டைய நானே போட்டுக்கிட்டா.”

கேட்டவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். குழாயைப் பற்றிக் கேட்டபோது அம்மாச்சி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். கொண்டை போட முடிகிற மாதிரி திரும்ப வருவேன் என்றால் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். அதை முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார்.

கடைசியாக, உங்களால் பேச முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று கேட்டார். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பேசறது இவ பேசட்டும்” என்று அம்மாவைக் காட்டினார் அம்மாச்சி. பிறகு சமையலறைப் பக்கம் கை நீட்டினார். அங்கே வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. “ஆனா நான் எப்படி இருந்தேன்னு கேக்கணும்னா அவகிட்ட கேளுங்க. இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”